இரண்டு ஆட்டங்களின் மனிதர்கள்

ஒரு வித்தையில் தேர்ச்சி பெறுவதற்கே ஓர் ஆயுள் போதாது என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். அங்ஙனமிருக்க, ஒரே தேகத்தையும் ஒரே வாலிபப் பருவத்தையும் முதலாகக் கொண்டு, இரண்டு ஆட்டங்களில் தம் தேசத்தின் பிரதிநிதிகளாக நிற்கும் பாக்கியம் பெற்றவர்கள் எந்நாட்டிலும் அபூர்வமாகவே தோன்றியிருக்கிறார்கள். பசிபிக் மகா சமுத்திரத்தின் நடுவே சமோவாத் தீவில் பிறந்து, நியூஸிலாந்தின் கறுப்புச் சட்டையை அணிந்து ரக்பி யூனியன் ஆட்டத்தில் கீர்த்தி பெற்று, 1994-ல் இங்கிலாந்தின் விகன் குழுவில் சேர்ந்து ரக்பி லீக் ஆட்டத்திலும் பிரகாசித்து, பின்னர் யூனியனுக்கே திரும்பித் தம் ஜன்ம பூமியான சமோவாவுக்காகவும் ஆடி, 2022-ல் காலஞ்சென்ற வாயிங்கா துயிங்கமாலா அத்தகைய அபூர்வ புருஷர்களில் ஒருவர்.

ரக்பி யூனியனும் ரக்பி லீக்கும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்த வட இங்கிலாந்துத் தொழிலாளிகள், ஆட்டத்துக்காக இழந்த கூலியை ஈடு செய்ய வேண்டுமென்று கேட்டபோது, பணம் தொட்டால் ஆட்டம் தீட்டுப்படும் என்று கருதிய மேட்டுக்குடியினர் அதை மறுக்க, 1895-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வடபகுதிக் கிளப்புகள் ஹடர்ஸ்பீல்டு நகரத்தில் கூடித் தனிக் குடித்தனம் ஏற்படுத்திக்கொண்டன. அதன்பின் ஒரு நூற்றாண்டு காலம், யூனியனை விட்டு லீக்குக்குச் சென்றவன் திரும்பி வர இயலாதபடி கதவு அடைக்கப்பட்டிருந்தது. 1995-ல் யூனியனும் ஊதியத்தை அங்கீகரித்த பிறகே, துயிங்கமாலாவைப் போன்றவர்கள் இரு வழிகளிலும் தாராளமாக நடமாட முடிந்தது.

ரக்பி நம் தேசத்திலும் காலடி எடுத்து வைத்ததுண்டு. 1873-ல் கல்கத்தாவில் ஆங்கிலேயர் நிறுவிய கிளப் சில ஆண்டுகளிலேயே கலைந்துபோக, அதன் இருப்பிலிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி, நாகப்பாம்புகளைக் கைப்பிடியாகவும் யானையைச் சிகரமாகவும் கொண்டு செய்த கோப்பைக்காகவே இன்றளவும் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் பொருதுகின்றன. கோப்பை கடல் கடந்து சென்றது. ஆட்டமோ இங்கே வேரூன்றவில்லை. காந்தலூர், மறையூர், காரயூர், கீழாந்தூர், கொட்டகுடி என்னும் ஐந்து ஊர்களால் அமைந்த எங்கள் அஞ்சுநாட்டுக்கு அணித்தேயுள்ள மூணாற்றுத் தேயிலை மலைகளிலும், துரைமார்கள் ஹைரேஞ்ச் கிளப்பை அமைத்துத் தம் தாய்நாட்டுப் பொழுதுபோக்குகளைப் பேணினார்கள். ஆனால் அது அவர்களுடைய சிறு வட்டத்துக்குள் நடந்த காரியம். மேனாட்டு ஆட்டங்களைத் தமிழர் தமக்கே உரியனவாக்கிக் கொண்ட சரித்திரத்தைப் படிக்க விரும்புவோர், மலையிறங்கி உடுமலையைக் கடந்து, சென்னைப் பட்டணத்துக்கே செல்லுதல் வேண்டும்.

அங்கே 1846-ல் தோன்றிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் ஐரோப்பியருக்கு மட்டுமே உரிய ஸ்தாபனமாக இருந்தது. இந்த அவமதிப்பைப் பொறாத பிரபு ஒருவர், புச்சிபாபு நாயுடு என்று ஜனங்களால் அன்புடன் அழைக்கப்பட்டவர், 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவி, இளைஞர்களுக்கு உடையும் கருவியும் மைதானமும் அளித்து ஆதரித்தார். ஐரோப்பியரும் இந்தியரும் எதிரெதிரே நிற்கும் ராஜதானிப் பந்தயம் அவருடைய கனவு. 1908-ல் அவர் மறைந்ததன் பின்னரே அது நனவாகிப் பொங்கல் திருநாளை ஒட்டிய பெரும் வைபவமாக வளர்ந்தது. அக்காலத்துச் சென்னையில் ஆட்டம் என்பது ஜீவனோபாயமாக இல்லை. காலையில் கச்சேரிக்கோ கம்பெனிக்கோ சென்று, மாலையில் மைதானத்துக்கு வந்து, ஒரு பருவத்தில் மட்டையும் மறு பருவத்தில் கோலும் பிடிப்பது ஒரு வாழ்க்கை முறையாகவே இருந்தது. ஆட்டத்திறமைக்காக உத்தியோகம் கொடுத்து, பந்தய நாட்களில் விடுப்பும் கொடுத்து உதவிய கம்பெனிகளும், பல ஆட்டங்களுக்கு ஒரே கூரையின் கீழ் இடமளித்த கிளப்புகளும் அவ்வழக்கத்துக்கு ஆதாரமாக நின்றன. இந்த வயலில் விளைந்தவர்களே கோட்டா ராமசுவாமியும் மொரப்பாக்கம் ஜோசியம் கோபாலனும்.

ராமசுவாமி புச்சிபாபுவின் கடைசிக் குமாரர். தாய்வழிப் பாட்டனாருக்குச் சுவீகாரமாகச் சென்றதால் கோட்டா என்னும் குடும்பப் பெயரைப் பெற்றவர். 1896-ல் பிறந்த அவர், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் பயிலச் சென்றவிடத்தில் டென்னிஸ் ஆட்டத்தில் மேன்மையுற்று, 1922-ல் டேவிஸ் கோப்பைப் பந்தயத்தில் ருமேனியாவைத் தோற்கடித்த இந்தியக் குழுவில் ஆடினார். தாயகம் திரும்பி விவசாய இலாகாவில் உத்தியோகம் ஏற்ற பின்பும், தந்தை வளர்த்த கிரிக்கெட்டை அவர் கைவிடவில்லை. இடக்கை மட்டையாளராக, எதிரியின் பந்தைத் தயக்கமின்றி அடித்தாடும் தைரியத்துக்குப் பேர்போனவராக விளங்கினார்.

கோபாலனின் பிறப்பு வேறு விதமானது. செங்கற்பட்டு ஜில்லாவின் மொரப்பாக்கத்தை மூதூராகக் கொண்ட குடும்பத்தில் 1909-ல் பிறந்து, திருவல்லிக்கேணித் தெருக்களின் சூழலில் வளர்ந்த அவருக்குப் பிரபுக்களின் செல்வமோ சீமைப் படிப்போ கிடையாது. அவருடைய வேகப்பந்து வீச்சைக் கண்டு வியந்து, பர்மா ஷெல் கம்பெனியில் வேலைக்கு வழி செய்தவர் அக்கம்பெனியின் அதிகாரியும் தேர்ந்த ஆட்டக்காரருமான ஸி. பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். மைதானத்தில் இந்தியரை எதிர்த்து நின்ற ஒருவரே ஓர் இந்திய இளைஞனின் வாழ்வுக்குத் துணையானார் என்பது அக்கால ஆட்டத்தின் பண்பை விளக்கும் செய்தி. 1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஜார்டீனின் இங்கிலாந்துக் குழுவுக்கு எதிராக டெஸ்ட் பந்தயத்தில் ஆடிய கோபாலன், அவ்வாண்டு நவம்பர் 4-ஆம் தேதி சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதிய பந்தயத்தில், ரஞ்சிக் கோப்பையின் சரித்திரத்திலேயே முதற்பந்தை வீசும் பெருமையைப் பெற்றார். ஏ. ஜி. ராம்சிங் பதினொரு விக்கெட்டுகளைச் சாய்க்க, மைசூர் 48-க்கும் 59-க்கும் அடங்கிப்போய், அப்பந்தயம் ஒரே நாளில் முடிவுற்றது. மறு ஆண்டில் அதே கோபாலன் ஹாக்கிக் கோலை ஏந்தி, தியான்சந்தின் தலைமையில் நியூஸிலாந்துக்குக் கப்பலேறினார்.

இவ்விருவருடைய ஜாதகங்களும் சந்தித்த ஆண்டு 1936. இங்கிலாந்துக்குச் செல்லும் கிரிக்கெட் குழுவும், பெர்லின் ஒலிம்பிக்குக்குச் செல்லும் ஹாக்கிக் குழுவும் ஒரே கோடைகாலத்தில் புறப்பட வேண்டியிருந்தது. 1928-லும் 1932-லும் தங்கப் பதக்கம் வென்று உலகில் தனக்கு நிகரில்லாத ஹாக்கிக் குழுவில் இடம் பெறும் வாய்ப்பு ஒருபுறமும், அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்த இந்திய டெஸ்ட் கிரிக்கெட் மறுபுறமுமாக நிற்க, கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்துகொண்டார். விஜயநகர மகாராஜகுமார் தலைமை தாங்கிய அக்குழுவோ உட்பூசலால் சீரழிந்தது. லாலா அமர்நாத்தைப் போன்ற ஒரு வீரரே பாதி வழியில் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். மூன்று டெஸ்டுகளில் ஒன்றிலேனும் கோபாலனுக்கு இடம் தரப்படவில்லை. அதே குழுவில் இருந்த ராமசுவாமியோ, நாற்பது வயது நிரம்பிய நிலையில், மான்செஸ்டரில் தம் முதல் டெஸ்டை ஆடி 40-ம் 60-ம் எடுத்தார். ஓவல் மைதானத்தில் 29-ம், ஆட்டமிழக்காமல் 41-ம் எடுத்தார். டெஸ்ட் வாழ்வு அவ்விரண்டு பந்தயங்களோடு முடிவுற்றதாயினும், அவருடைய சராசரி ஐம்பத்தாறைத் தாண்டி நிற்கிறது. அந்த ஓவல் டெஸ்ட் தொடங்கிய ஆகஸ்டு 15-ஆம் தேதியன்றுதான், பெர்லினில் நம் ஹாக்கிக் குழு ஜெர்மனியை எட்டுக்கு ஒன்று என்னும் கணக்கில் வென்று மூன்றாம் முறையாகத் தங்கம் பெற்றது. அன்று கோபாலன் இரண்டு ஆட்டங்களிலும் இல்லை.

இந்த நிகழ்ச்சியைக் கூறுவோர் பெரும்பாலும் அவர் தவறான வழியைத் தேர்ந்தார் என்றே முடிவு கட்டுகிறார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. பலனைக் கண்ட பின் செயலை அளப்பது எளிது. புறப்படும் தருணத்தில் நின்று நோக்கினால், தமக்கு ஜீவனம் அளித்த ஆட்டத்துக்கு, தம்மை ஆளாக்கிய சென்னை மைதானத்தின் பிரதிநிதியாக, அவர் செலுத்திய விசுவாசம் அது என்பது விளங்கும். பிழை தேர்வாளர்களிடத்தில் இருந்ததேயன்றித் தேர்ந்தவரிடத்தில் இல்லை. மேலும், ஒரு மனிதன் இத்தகைய சங்கடத்தில் அகப்படுவதற்கே, இரு வேறு தேசியக் குழுக்களின் வாயில்கள் அவனுக்காக ஒரே சமயத்தில் திறந்திருத்தல் வேண்டும். அந்தச் சங்கடமே ஒரு விருது.

கோபாலன் கசப்புக்கு இடங்கொடாமல் பல்லாண்டுகள் சென்னைக்காக ஆடினார். பின்னர் தேசியத் தேர்வுக் குழுவிலும் பணியாற்றினார். அவர் பெயரால் 1950-களில் ஏற்பட்ட கோபாலன் கோப்பைக்காகச் சென்னையும் இலங்கையும் நெடுங்காலம் ஆடின. 1981-ல் டெஸ்ட் தகுதி பெறுமுன், இலங்கை வீரர்களுக்கு அப்பந்தயம் ஒரு முக்கியமான பயிற்சிக் களமாக இருந்தது. அவர் 2003 டிசம்பரில் முதிர்ந்த வயதில் காலமானார். ராமசுவாமியின் முடிவு வருந்தத்தக்கது: 1985 அக்டோபரில் எண்பத்தொன்பது வயதில் அடையாற்று இல்லத்தை விட்டு வெளியே சென்றவர் திரும்பவேயில்லை.

இவர்களை ஈன்ற வழக்கமும் மெல்ல மறைந்துவிட்டது. ரக்பி உலகில் இரு ஆட்டங்களுக்கு நடுவே சுவர் எழுப்பியது பணம். அதே பணம் பின்னர் அச்சுவரை இடித்தது. நம் நாட்டில் சுவர் எழுப்பியது நாட்காட்டி. ஆண்டு முழுவதும் பந்தயங்களும் பயிற்சி முகாம்களும் நிறைந்துவிட்ட இன்று, பத்து வயதுப் பாலகனையே ஓர் ஆட்டத்துக்கு எழுதி வைத்து, மற்றவற்றிலிருந்து விலக்கிவிடுகிறோம். கண்ணின் கூர்மையும், காலின் வேகமும், பந்து வரும் திசையை முன்னுணரும் புத்தியும் எந்த ஓர் ஆட்டத்துக்கும் தனிச் சொத்தல்ல என்பதற்கு, டென்னிஸ் களத்திலிருந்து வந்து நாற்பதாம் வயதில் இங்கிலாந்துப் பந்துவீச்சை எதிர்த்து நின்ற ராமசுவாமியைக் காட்டிலும் வேறு சாட்சி வேண்டுவதில்லை. ஆகையால், பட்டணத்துப் பள்ளியாயினும் மலைநாட்டுப் பள்ளியாயினும், உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கு நான் பணிந்து சொல்லக்கூடியது ஒன்றே: மாணவன் முதலில் பல ஆட்டங்களை ஆடட்டும், எது தன் ஆட்டம் என்பதை அவன் வளர்ந்து தானே அறியட்டும், இரண்டு தன்னுடையனவாக அமையுமானால், ஒன்றைத் துறக்கும்படி அவனை அவசரப்படுத்தாமல் இருப்போமாக.