அஞ்சாவது ஆள்

ஓசூர் பக்கம் வேலை பார்க்கிறவர்களுக்கு 'ரிலீவர்' என்ற வார்த்தைக்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை. கர்நாடக எல்லையில், ஜூஜுவாடி செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற கம்பெனிகளில் ஷிஃப்ட் முடிந்துவிட்டது என்பதற்காக மெஷினை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிட முடியாது. அடுத்த ஷிஃப்ட்டுக்காரர் வந்து நின்றால்தான் இவர் வீட்டுக்குப் போகலாம். ரிலீவர் வரவில்லையா? போச்சு, டபுள் ஷிஃப்ட்! அந்த மனுஷரின் அருமை அவர் வராத நாளில்தான் தெரியும்.

தேசிய செஸ் அணியிலும் இப்படி ஒரு ரிலீவர் உண்டு. பேப்பரில் அவர் போட்டோ பெரும்பாலும் ஓரத்தில்தான் வரும். ஆனால் இந்தியா செஸ்ஸில் ஏறிவந்த கதையை அவரை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

முதலில் விதியைப் பார்த்துவிடலாம். செஸ் ஒலிம்பியாட் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற தேசங்களின் போட்டி. ஒரு அணியில் அஞ்சு பேர். ஒரு சுற்றில் ஆடுவது நாலு பேர், நாலு போர்டு. மீதி ஒருத்தர் வெளியே. 2006 வரைக்கும் ஓப்பன் பிரிவில் வெளியே இரண்டு பேர் இருந்தார்கள். 2008 டிரெஸ்டன் ஒலிம்பியாடிலிருந்து ஒருத்தர்தான்.

யார் முதல் போர்டு, யார் இரண்டாவது என்ற வரிசையை ஆரம்பத்திலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம் மாற்ற முடியாது. இரண்டாவது ஆளுக்கு ஒருநாள் ஓய்வு கொடுத்தால் மூணாவது ஆள் இரண்டாவது போர்டுக்கு நகர்வார், நாலாவது ஆள் மூணாவதுக்கு, அஞ்சாவது ஆள் நாலாவதுக்கு. நடுவில் ஒருத்தருக்குக் காய்ச்சல் வந்தால்கூட ஊரிலிருந்து ஆறாவதாக ஒருத்தரை வரவழைக்க முடியாது. ஆக, அணியைத் தேர்ந்தெடுக்கும்போதே மாற்று ஆளையும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

சரி, நம் கதைக்கு வருவோம்.

ஒரு காலத்தில் ஆள் இருந்தார், அணி இல்லை. பஞ்சாபிலிருந்து 1929-ல் சர் உமர் ஹயாத் கானுடன் லண்டன் போன மீர் சுல்தான் கான், அதே வருஷம் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932, 1933-லும் அவர்தான். அந்த நாளில் உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருத்தர். 1930, 1931, 1933 ஒலிம்பியாடுகளில் முதல் போர்டில் ஆடினார். எந்த நாட்டுக்கு என்கிறீர்களா? இங்கிலாந்துக்கு! இந்திய செஸ் சம்மேளனம் பிறந்ததே 1951-ல்தான். இந்திய அணி முதன்முதலாக ஒலிம்பியாடுக்குப் போனது 1956-ல், மாஸ்கோவுக்கு. சுல்தான் கான் 1933-லேயே ஊர் திரும்பிவிட்டார். உலக செஸ் சம்மேளனம் அவருக்கு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது 2024-ல். அவர் இறந்து 58 வருஷம் கழித்து!

அடுத்த கட்டம், அணி இருந்தது, ஆள் போதவில்லை. பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த மானுவல் ஆரோன் 1960, 1962, 1964 ஒலிம்பியாடுகளில் இந்திய அணியின் கேப்டன். 1960-ல் லைப்சிக் நகரில், முன்னாள் உலக சாம்பியன் மாக்ஸ் யூவேயைத் தோற்கடித்தார். மறு வருஷம் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனார். தேசிய சாம்பியன் பட்டம் ஒன்பது முறை. ஆனால் ஒரு ஆரோன் ஒரு போர்டில்தானே உட்கார முடியும்? மீதி மூணு போர்டுகளுக்கு என்ன செய்வது?

ஆனந்த் வந்த பிறகும் இந்தக் கேள்வி போகவில்லை. 1988-ல் அவர் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். இரண்டாவதாக திபியேந்து பரூவா வந்தது 1991-ல். மூணாவதாக பிரவீண் திப்சே, 1997-ல். ஒன்பது வருஷத்தில் மொத்தமே மூணு பேர்! நாலு போர்டுக்கு நாலு கிராண்ட்மாஸ்டர் இல்லாத நாட்டில் தேர்வுக்குழுவுக்குத் தலைவலியே கிடையாது. 'யாரை விடுவது' என்ற பிரச்னை வசதியான வீட்டுப் பிரச்னை.

அப்போது பிரச்னை வேறு மாதிரி வந்தது: தேர்வுக்கு யார் வரலாம் என்பதே சண்டை. 1976-ல் 13 வயது ரோகிணி காடில்கர் ஆண்களுக்கான தேசியப் போட்டியில் ஆடினார். எதிர்ப்பு கிளம்பியது, வழக்கு ஹைகோர்ட் வரை போனது. கடைசியில் உலக சம்மேளனத்தின் தலைவர், பெண்களைத் தடுக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். அந்தத் தலைவர் யார் தெரியுமா? ஆரோனிடம் தோற்ற அதே மாக்ஸ் யூவே.

இப்போது 2014-க்கு வாருங்கள். நார்வேயில் டிரோம்ஸோ. ஆனந்த் 2006 டூரின் ஒலிம்பியாடோடு நிறுத்திக்கொண்டார். அடுத்த பெரிய தலை ஹரிகிருஷ்ணாவும் இந்த முறை அணியில் இல்லை. போனவர்கள் பரிமார்ஜன் நேகி, சேதுராமன், சசிகிரண், அதிபன், லலித் பாபு. கேப்டன் ஆர்.பி. ரமேஷ். அணிகளின் தரவரிசையில் இந்தியாவுக்கு 19-வது இடம். யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. சீனாவுக்குத் தங்கம், ஹங்கேரிக்கு வெள்ளி, வெண்கலம்... இந்தியாவுக்கு! ஓப்பன் பிரிவில் நம் முதல் பதக்கம் அதுதான். ஆனந்த் ஆடிய எந்த ஒலிம்பியாடிலும் கிடைக்காதது, அவர் இல்லாத அணிக்குக் கிடைத்தது. இதில் ஆனந்துக்கு ஒரு குறையும் இல்லை. அவரைப் பார்த்துச் செஸ் போர்டு வாங்கிய பிள்ளைகள் வளர்ந்து நாலு போர்டையும் நிரப்பிவிட்டார்கள், அவ்வளவுதான்.

நான் படித்த பி.காம். பாடத்தில் 'ரிசர்வ்' என்றால், நல்ல வருஷத்து லாபத்தில் எடுத்து வைக்கிற பணம். கெட்ட வருஷத்தில் கம்பெனியைத் தாங்குவது அதுதான். 2014-ல் இந்தியா அந்தப் பணத்தைத்தான் எடுத்துச் செலவழித்தது.

2022-ல் ரிசர்வ் நிரம்பி வழிந்தது. உக்ரைன் போர் காரணமாக ரஷ்யாவிடமிருந்து கைமாறிய ஒலிம்பியாட், மாமல்லபுரத்துக்கு வந்தது. போட்டியை நடத்துகிற நாடு இரண்டாவது அணியை இறக்கலாம். அணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் மூணாவதும். நாட்டில் அப்போது கிராண்ட்மாஸ்டர்கள் எழுபதுக்கு மேல். முதல் அணியில் விதித், ஹரிகிருஷ்ணா, அர்ஜுன் எரிகைசி, எஸ்.எல். நாராயணன், சசிகிரண். இரண்டாவது அணியில் குகேஷ், நிஹால் சரின், பிரக்ஞானந்தா, அதிபன், ரோனக் சாத்வானி. முதல் அணிக்குத் தரவரிசையில் இரண்டாவது இடம், இரண்டாவது அணிக்குப் பதினோராவது இடம்.

வெண்கலம் வாங்கியது எது? இரண்டாவது அணி. முதல் அணி நாலாவது. ரேட்டிங் பொய் சொல்லாது; ஆனால் அது நேற்றைய கணக்கு. பதினாறு வயசுப் பையன் இந்த மாசம் எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்று அதில் இருக்காது. குகேஷ் முதல் எட்டு ஆட்டத்தையும் வரிசையாக ஜெயித்தார். அதில் எட்டாவது, அமெரிக்காவின் கருவானாவுக்கு எதிராக. பத்தாவது சுற்றில், நல்ல நிலையில் இருந்து, உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தரோவிடம் தோற்றார். மேட்ச் 2-2 டிரா. தங்கம் உஸ்பெகிஸ்தானுக்குப் போனது. குகேஷ் பதினோரு சுற்றும் ஓய்வில்லாமல் ஆடியிருந்தார். நடுவில் ஒருநாள் உட்கார வைத்திருக்கலாமோ? முடிந்த பிறகு கேட்பது சுலபம். தொடர்ந்து ஜெயிக்கிறவரை எந்தக் கேப்டன் எழுப்பி வெளியே அனுப்புவார், சொல்லுங்கள்!

பெண்கள் அணியில் இதைவிடக் கஷ்டம். ஹரிகா நிறைமாதக் கர்ப்பிணியாக வந்து ஆடினார். எல்லாச் சுற்றிலும் அவரை உட்கார வைக்க முடியாது. கடைசிச் சுற்றுக்குள் நுழையும்போது இந்தியாதான் முதலிடம். அன்று போர்டில் ஹம்பி, வைஷாலி, தானியா, பக்தி. ஹம்பியும் வைஷாலியும் டிரா செய்ய, மற்ற இருவரும் தோற்றார்கள். அமெரிக்காவிடம் 1-3. தங்கம் கை நழுவி வெண்கலம் ஆயிற்று. பெண்கள் பிரிவில் இந்தியாவின் முதல் பதக்கம் அது. ஆனாலும் அன்று அந்த முகங்களில் சிரிப்பைத் தேட வேண்டியிருந்தது.

அதே ஒலிம்பியாடில் இன்னொரு மூலையில் ஒரு சின்னப் பெண் இருந்தார். பெண்களின் இரண்டாவது அணியில் அஞ்சாவது ஆள். அதாவது மாற்று அணிக்கும் மாற்று! பெயர் திவ்யா தேஷ்முக். ரிசர்வ் போர்டில் தனிநபர் வெண்கலம் வாங்கினார்.

2024, புடாபெஸ்ட். பெண்கள் அணியில் ஹம்பி இல்லை. திவ்யா மூணாவது போர்டுக்கு வந்தார். பதினோரு ஆட்டத்தில் ஒன்பதரை, தனிநபர் தங்கம், அணிக்கும் தங்கம். மறு வருஷம், 2025-ல், பெண்கள் உலகக் கோப்பை ஃபைனலில் அவர் ஜெயித்தது யாரை? ஹம்பியை.

ஆண்கள் பக்கம் கேப்டன் ஸ்ரீநாத் எழுதிக் கொடுத்த வரிசையைக் கவனியுங்கள். ரேட்டிங்கில் அன்று இந்தியாவின் முதல் ஆள் அர்ஜுன். அவரைப் போட்டது மூணாவது போர்டில்! முதலில் குகேஷ், அடுத்து பிரக்ஞானந்தா. அர்ஜுன் முகம் சுளிக்கவில்லை. பதினோரு ஆட்டத்தில் பத்துப் புள்ளி எடுத்தார். குகேஷுக்கு இந்த முறை ஒரு சுற்று ஓய்வு, பத்தில் ஒன்பது. நாலாவது போர்டில் விதித். இந்தியா 22-க்கு 21 புள்ளி எடுத்துத் தங்கம் வென்றது.

அஞ்சாவது ஆள் ஹரிகிருஷ்ணா. 2000-ல் இஸ்தான்புல்லில் பதினாலு வயசுப் பையனாக ஒலிம்பியாடில் நுழைந்தவர். எத்தனையோ முறை அணியின் பெரிய போர்டுகளைச் சுமந்தவர். புடாபெஸ்டில் அவருக்குக் கிடைத்தது மூணே ஆட்டம். மற்ற எட்டு நாளும், தன்னைவிட வயசில் சின்னவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 24 வருஷம் கழித்து அவர் கழுத்திலும் தங்கம் விழுந்தது.

மேடையில் அஞ்சு பேருக்கும் ஒரே அளவு மெடல்தான் கொடுத்தார்கள்.