காணிக் கைமாற்றத்தில் அறிவும் கருவியும்: யாழ்ப்பாணம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

காணி விற்பனையில் இடைநிற்கும் தரகரைப் பற்றிச் சமூகத்தில் நல்லபிப்பிராயம் நிலவியதில்லை. எதனையும் உற்பத்தி செய்யாது இருபுறமும் கூலி பெறுபவர் என்றே அவர் கருதப்பட்டுள்ளார். ஆயின் காணி ஏனைய பண்டங்களைப் போன்றதன்று. நெல்லை வாங்குபவர் கையில் அள்ளிப் பார்க்கலாம். காணியை வாங்குபவரோ கண்ணுக்குப் புலப்படாத ஓர் உரிமையையே வாங்குகின்றார். அவ்வுரிமை எவரிடமுள்ளது, அதன் எல்லை யாது, அது எவருக்கு ஈடு வைக்கப்பட்டுள்ளது என்பவற்றை அறிந்து கூறுவதிலேயே இடைநிற்போரின் பயன் தங்கியுள்ளது. அவ்வறிவு காலந்தோறும் எவரிடமிருந்தது என்பதற்கு யாழ்ப்பாண வரலாறு தக்க சான்றாகும்.

1619 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658 இல் அவர்களை வெளியேற்றிய ஒல்லாந்தரும் வரி அறவிடும் நோக்குடன் தோம்புகளை எழுதுவித்தனர். அரசிறைக்காக எழுந்த இவ்வேடுகள் நாளடைவில் உரிமைக்குச் சான்றாகவும் மாறின. 1707 இல் ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை, காணி விற்பனை ஊரறிய நடத்தல் வேண்டுமென வற்புறுத்தியது. உரிமைக்காரர், பங்காளர், காணியை ஈடாகப் பெற்ற அயலவர் ஆகியோருக்கு முற்கொள்வனவுரிமை இருந்தது. ஒல்லாந்தர் ஆட்சியில் விற்பனை பற்றிய அறிவித்தல் ஊர்த் தேவாலயத்தில் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிக்கப்பட்டது. இங்கு அறிவு தனியொருவரின் முதலன்று. அது ஊரின் பொதுவுடைமை எனலாம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்நிலை மாறியது. 1800 இல் நில அளவைத் திணைக்களம் நிறுவப்பட்டது. 1806 இல் தேசவழமை சட்ட வலுப்பெற்றது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் எழுதப்படல் வேண்டுமென விதித்தது. 1863 இல் காணிப் பதிவுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் அது பதிவு செய்தது உறுதியையேயன்றி உரிமையையன்று. குறையுள்ள உறுதியும் பதிவேட்டில் இடம்பெறலாம். 1858 இல் தென் அவுஸ்திரேலியாவில் ரொபேட் டொறன்ஸ் கொண்டுவந்த முறையில் உரிமையே பதிவு செய்யப்பட்டமை இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

இவ்விடைவெளியிலேயே நொத்தாரிசும் நில அளவையாளரும் தரகரும் இன்றியமையாதவராயினர். யாழ்ப்பாணத்துக் காணியோ சிக்கல் மிகுந்தது. பரப்பும் குழியும் விதைப்பின் அடியாகப் பிறந்த அளவைகள். வரகு விதைப்புக்குரிய பரப்பும் நெல் விதைப்புக்குரிய பரப்பும் ஒன்றல்ல. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் பாகுபாடு விற்கும் உரிமையையே நிர்ணயிக்கும். பிரிபடாத பங்கு ஒரு கிணற்றுக்கும் வழிவாய்க்காலுக்கும் கூட உண்டு. உறுதியில் எழுதப்படாத இவற்றை அறிந்த தரகர் வாங்குபவரை நெடுங்கால வழக்கிலிருந்து காத்தார். அறிந்தும் மறைத்தவர் அவ்வழக்கிற்கே வித்திட்டார். 1947 ஆம் ஆண்டின் முற்கொள்வனவுக் கட்டளைச் சட்டம் பங்காளருக்கு எழுத்திலான அறிவித்தலை வேண்டியமை, ஊரறிவு தேய்ந்துவிட்டதைக் காட்டுகிறது.

போர்க்காலம் இவ்வறிவின் பெறுமதியைக் கொடுமையாக உணர்த்தியது. உறுதிகள் அழிந்தன, எல்லை வேலிகள் மறைந்தன, எல்லையறிந்த முதியோர் இடம்பெயர்ந்தனர். 1871 ஆம் ஆண்டின் ஆட்சிக்காலச் சட்டப்படி பத்தாண்டு எதிரிடையான ஆட்சி உரிமையாக மாறக்கூடியதாகையால், திரும்பிவர இயலாதிருந்தோர் காணியை இழக்கும் நிலை தோன்றியது. அத்தகையோருக்கு நிவாரணமளிக்க 2016 இல் விசேட ஏற்பாடுகள் சட்டம் நிறைவேற்றப்பட்டது. இதற்கு முன்னரே, 1998 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் உரிமைப் பதிவுக்கு வழிவகுத்திருந்தது. 2007 இல் ‘பிம் சவிய’ என்னும் திட்டமும் தொடங்கியது.

செய்மதி அளவையும் கணினிப் பதிவேடும் எல்லையைத் துல்லியமாகக் காட்டவல்லன. ஆனால் அவ்வெல்லைக்குள் உரித்துடையவர் யாவர், அவருள் இங்கில்லாதவர் எவர் என்பதைக் கருவி தானாக அறியாது. தோம்பு முதல் கணினி வரை கருவி மாறியதேயன்றி இவ்வினா மாறவில்லை. அதற்கு நேர்மையுடன் விடைகூறும் இடைநிலையாளரே தாம் பெறும் கூலிக்கு உரியவராவர்.