ஏப்ரலில் வந்த கிறிஸ்துமஸ்

அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகரைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. அவர் டைரக்ட் செய்த படம் எது என்று கேட்டால்தான் பலரும் திணறுவார்கள். சண்டைப் படம் இல்லைங்க. சமைக்கத் தெரியாத ஒரு சமையல் நிபுணி, அவளைக் காதலிக்கும் ஃபாரஸ்ட் ரேஞ்சர், வெளியே பனி, உள்ளே கிறிஸ்துமஸ் மரம்... அப்படி ஒரு படம். பெயர் 'கிறிஸ்துமஸ் இன் கனெக்டிகட்'. டிஎன்டி என்ற அமெரிக்க கேபிள் சேனலுக்காக எடுத்தது. முதலில் ஒளிபரப்பானது 1992 ஏப்ரல் 13. ஆமாம், ஏப்ரல்!

கதை புதிதல்ல. 1945-ல் வார்னர் பிரதர்ஸ் இதே பெயரில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தின் ரீமேக். ரீமேக் ஏன் சப்பென்று போனது என்று புரிய வேண்டுமானால் பழைய படத்துக்குத்தான் போக வேண்டும்.

அதில் எலிசபெத் லேன் (பார்பரா ஸ்டான்விக்) ஒரு பத்திரிகையில் சமையல் பத்தி எழுதுகிறாள். கனெக்டிகட்டில் பண்ணை வீடு, அன்பான கணவன், கைக்குழந்தை என்று அளந்து விடுகிறாள். நிஜத்தில் அவள் இருப்பது நியூயார்க்கில் ஒரு ஃபிளாட்டில். கல்யாணமே ஆகவில்லை. சமையல் குறிப்புகள் எல்லாம் ரெஸ்டாரண்ட் நடத்தும் ஃபெலிக்ஸ் மாமா உபயம். ஒருநாள் பத்திரிகை முதலாளியிடமிருந்து இடி இறங்குகிறது. கப்பல் மூழ்கி 18 நாள் மிதவையில் கிடந்து பிழைத்த கடற்படை வீரன் ஒருவனுக்கு உன் வீட்டில் கிறிஸ்துமஸ் விருந்து, நானும் வருகிறேன் என்கிறார். குட்டு உடைந்தால் அவளுக்கும் வேலை போகும், அவளுடைய எடிட்டருக்கும் போகும். இரவல் வீடு, இரவல் குழந்தை, அவசரக் கல்யாண ஏற்பாடு என்று ஓடுகிறது கதை.

சாதாரண ஆள்மாறாட்டக் காமெடிதான். ஆனால் காலத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் 1943-லிருந்து 1945 நவம்பர் வரை இறைச்சிக்கும் வெண்ணெய்க்கும் ரேஷன். சர்க்கரைக்கு 1947 வரை. தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்களின் வீட்டில் இல்லாத சாப்பாட்டைத்தான் எலிசபெத் எழுத்தில் பரிமாறிக்கொண்டிருந்தாள். படம் வெளியானது 1945 ஆகஸ்டில், ஜப்பான் சரணடைந்த அதே மாதம். போர்க்காலத்தில் ஃபேக்டரி வேலைக்குப் போன பெண்களை 'இனி அடுப்படிக்குத் திரும்பு' என்று சொல்ல ஆரம்பித்த நேரம். குடும்பத் தலைவி மாதிரி நடித்துச் சம்பளம் வாங்கும் கல்யாணமாகாத பெண்ணைப் பார்த்து அவர்கள் சும்மாவா சிரித்திருப்பார்கள்?

சரி, கணக்குக்கு வருவோம். வார்னர் தன் பழைய படங்களை 1956-ல் விற்றது. அவை கைமாறி 1958-ல் யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸுக்குப் போயின. அந்தக் கம்பெனியையே 1981-ல் எம்ஜிஎம் வாங்கியது. 1986-ல் சிஎன்என் புகழ் டெட் டர்னர் சுமார் 150 கோடி டாலருக்கு எம்ஜிஎம்மை வாங்கினார். கடன் கழுத்தை நெரிக்க, பெரும்பகுதியைச் சில மாதங்களிலேயே விற்றுவிட்டார். படங்களை மட்டும் விடவில்லை, 3,000-க்கும் மேல்!  கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கலர் அடித்து டைரக்டர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் அவரேதான். அந்தப் படங்களை ஓட்டுவதற்காகவே 1988 அக்டோபரில் டிஎன்டியைத் தொடங்கினார். பிறகு சொந்தப் படங்களும் தேவைப்பட்டன. கதை கையிலேயே இருக்கிறது. 'டெர்மினேட்டர் 2' 1991-ல் உலகையே கலக்கியிருந்ததால் டைரக்டர் பெயருக்கே விளம்பரம் கிடைக்கும். கணக்கு எல்லாம் சரிதான்.

படம்தான் சரியில்லை. புது எலிசபெத் (டயன் கேனன்) டிவி ஸ்டார். விருந்தாளி, தீ விபத்தில் மரவீட்டை இழந்த ரேஞ்சர் (கிரிஸ் கிறிஸ்டோஃபர்சன்). வீட்டுச் சாப்பாடு கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று அவர் டிவியில் சொல்ல, மேனேஜர் (டோனி கர்டிஸ்) அதையே லைவ் ஷோ ஆக்குகிறார். போலிக் குடும்பம் கூட மேனேஜர் ஏற்பாடு. டிவியில் காட்டுவது செட்டிங் என்று 1992-ல் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்புறம் குட்டு உடைந்தால் என்ன, உடையாவிட்டால் என்ன? மிதவையில் பசியோடு கிடந்தவன் இடத்தில் வெறும் ஆசைப்பட்டவர் வந்து உட்கார்ந்ததும் விருந்துக்கும் ருசி போய்விட்டது. நடிகர்கள் மேல் பழி போடுவது நியாயமில்லை. கிறிஸ்டோஃபர்சன் முகத்தில் ஒரு நிஜம் இருக்கிறது, பாவம், அதற்கு வேலை கொடுக்கத்தான் யாருமில்லை.

விமர்சகர்கள் பிய்த்து உதறினார்கள். அர்னால்ட் 2003-ல் கலிஃபோர்னியா கவர்னராகக் கூட ஆனார், இன்னொரு முழுநீளப் படம் மட்டும் டைரக்ட் செய்யவில்லை. டர்னர் 1994 ஏப்ரலில் டிசிஎம் என்று பழைய படங்களுக்கென்றே இன்னொரு சேனல் தொடங்கினார். அதில் டிசம்பர் வந்தால் 'கிறிஸ்துமஸ் இன் கனெக்டிகட்' போடுவார்கள். 1945-ல் வந்ததை :)