அடுக்கிலிருந்து தனிமத்திற்கு: பால்வழி வட்டின் தோற்றம் குறித்த ஆய்வு வரலாறு

முன்னுரை

விக்கிரமங்கலம் அமைந்துள்ள அரியலூர் மாவட்டம் தொல்லுயிர் எச்சங்களுக்குப் பெயர்பெற்றது. இவ்வட்டாரப் பாறைகளை ஹென்றி பிளான்ஃபோர்டு 1862-இல் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்தார். கீழடுக்கு முந்தையது, மேலடுக்கு பிந்தையது என்பதே இதன் அடிப்படை. பால்வழியின் வட்டிற்கு இம்முறை பொருந்தாது. அங்கு முதிய, இளைய விண்மீன்கள் கலந்தே சுழல்கின்றன. அவற்றின் காலவரிசை அறியப்பட்ட முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

இடமும் இயக்கமும்

சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய டி. ஜி. டெய்லர் 1844-இல் 11,015 விண்மீன்களின் இடங்களை அட்டவணைப்படுத்தினார். பல்லாண்டு இடைவெளியில் அளந்த இத்தகைய இடங்களை ஒப்பிட்டே விண்மீன்களின் இயக்கம் கணிக்கப்படுகிறது. 1983-இல் கில்மோரும் ரீடும், வட்டின் தளத்திலிருந்து விலக விலக விண்மீன்களின் அடர்த்தி குறையும் விதத்தைக் கொண்டு, மெல்லிய வட்டுடன் தடித்த வட்டும் உண்டென்று காட்டினர். ஆயினும் எண்ணிக்கை மட்டும் தோற்றத்தை விளக்கவில்லை.

வேதியியல் சான்று

விண்மீனின் மேற்பரப்பு, அது பிறந்த வாயுவின் தனிம அளவைப் பெரும்பாலும் காத்து வைத்திருக்கிறது. பெருநிறை விண்மீன்கள் சில கோடி ஆண்டுகளுக்குள் வெடித்து ஆக்சிஜன், மக்னீசியம் முதலியவற்றை வெளியிடுகின்றன. வெண்குறுமீன்களின் வெடிப்பு இரும்பைக் காலந்தாழ்த்திச் சேர்க்கிறது. எனவே இரும்பை நோக்க மக்னீசியம் மிகுந்திருத்தல், விரைந்து நிகழ்ந்த விண்மீன் பிறப்பைச் சுட்டும்.

காவலூர் வானாய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஈஸ்வர் ரெட்டியும், அவருடன் லாம்பர்ட், அயெந்தே பிரியெட்டோ ஆகியோரும் 2006-இல் 176 விண்மீன்களின் ஆய்வை வெளியிட்டனர். நிறமாலைகள் டெக்சாஸின் மெக்டொனால்டு வானாய்வகத்தில் பெறப்பட்டவை. எந்த வட்டைச் சார்ந்தது என்பதை இயக்கத்தால் முதலில் பிரித்து, பின்னரே தனிமங்களை ஒப்பிட்டமை இவ்வாய்வின் வலிமை. ஒரே இரும்பளவிலும் தடித்த வட்டின் விண்மீன்களில் மக்னீசியம், சிலிக்கான் முதலியன மிகுந்திருந்தன. அவை பொதுவில் முதியவையும்கூட.

விவாதமும் முடிவும்

2012-இல் போவி, ரிக்ஸ், ஹாக் ஆகியோர் தடித்த வட்டு தனிக்கூறன்று, தொடர்ச்சியான வட்டின் ஒரு பகுதியே என வாதிட்டனர். இயக்கத்தால் பிரித்த எல்லை இயற்கையில் உள்ளதா, ஆய்வாளர் இட்டதா என்பதே இங்கு எழும் வினா. கல்வெட்டின் எழுத்தமைதி காலத்தைத் தோராயமாகவே காட்டும். ஆட்சியாண்டு இணையும்போது முடிவு உறுதிபெறும். அதுபோல, தனிம விகிதம் செறிவின் வேகத்தை உணர்த்தும்; ஆண்டுக்கணக்கை வயதுக் கணிப்பே தரும். இவ்விரண்டையும் தனித்தனியே நிறுவிப் பின் ஒப்பிடும் ஆய்வே வட்டின் வரலாற்றை உரைக்க வல்லது.