வலி மறந்த கணுக்கால்: திருமணி கற்பித்த பாடம்

கணுக்காலில் எலும்பு முறிந்தாலோ, மூட்டின் முனைகளைப் போர்த்தி உராய்வைத் தடுக்கும் குருத்தெலும்பு சிதைந்தாலோ, அதை முதலில் அறிவிப்பது வலியே. நரம்பு அழிந்து வலியுணர்வை இழந்த தொழுநோயாளரின் காலில் அந்தக் காயத்தை எப்படிக் கண்டறிவது என்ற கேள்விக்கு விடை தேடிய வரலாற்றில், செங்கல்பட்டு மாவட்டத்தின் திருமணிக்குத் தனி இடம் உண்டு.

1920களில் தொடங்கப்பட்ட திருமணி லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய ராபர்ட் காக்ரேன், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவரும் 1914இல் கொல்லிமலையில் பிறந்தவருமான பால் பிராண்டை 1947இல் அங்கு அழைத்துச் சென்றார். தொழுநோயில் தசை தானாக அழுகி உதிர்வதில்லை என்பதும், உணர்வற்ற உறுப்பில் கவனிக்கப்படாமல் பெருகும் காயங்களே ஊனத்துக்குப் பெரிதும் காரணம் என்பதும் அதன் பின் அவர் நடத்திய ஆய்வுகளில் தெளிவாயின.

இந்த உண்மை கணுக்காலில் கூர்மையாக வெளிப்படுகிறது. கீழ்க்கால் எலும்புகளுக்கும் குதிகால் எலும்புக்கும் நடுவே அமர்ந்து உடலின் பாரத்தைத் தாங்கும் தாலஸ் என்னும் எலும்பின் மேற்பரப்பில் ஏறத்தாழ 60 விழுக்காடு குருத்தெலும்பால் மூடப்பட்டிருப்பதாலும், தசை எதுவும் அதில் ஒட்டாததாலும், இரத்தம் புகும் வழிகள் குறுகி, முறிவு ஆற நாளாகிறது. வலி தெரிந்தவர் நொண்டி நடந்தேனும் அந்தக் காலைக் காப்பார். வலி தெரியாதவர் வழக்கம்போல் நடக்க, கீறல் முறிவாகி, முறிவு நொறுங்கலாகிறது. நரம்பு நோயால் மூட்டு இவ்வாறு அழிவதைப் பிரான்சின் சார்கோ 1868இல் விவரித்திருந்தார். உணர்வற்ற பாதத்தின் பின்பகுதி எலும்புகள் எந்தெந்த முறைகளில் சிதைகின்றன என்பதை ஹாரிஸும் பிராண்டும் 1966இல் வகைப்படுத்தினர்.

வலி சொல்லாததை வெப்பம் சொல்லும் என்பதே இம்மருத்துவத்தின் அடிப்படை. புறங்கையை இரு கணுக்கால்களிலும் மாறிமாறி வைத்து, ஒன்று வீங்கி மற்றதைவிடச் சூடாக இருந்தால், எக்ஸ்ரேயில் முறிவு தென்படாவிட்டாலும் உள்ளே காயம் இருப்பதாக ஐயுற்று மாவுக்கட்டுப் போடுவர். சூடு தணிந்த பின்னரே நோயாளர் சிறிது சிறிதாக நடக்கலாம். மூட்டு முற்றிலும் நொறுங்கியிருந்தால், எஞ்சிய எலும்புகளை ஒன்றாக இணைக்கும் அறுவை செய்யப்படும். பின்னர் பாதத்தைக் காப்பது எம்.சி.ஆர். செருப்பு, அதாவது நுண்துளை ரப்பரால் ஆன மென்மையான காலணி.

திருமணி மருத்துவமனையை 1955இல் நடுவண் அரசு ஏற்று, மத்திய தொழுநோய்ப் பயிற்சி, ஆராய்ச்சி நிலையமாக்கியது. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கும் இன்று இதே ஆபத்து இருப்பதால், ஊரார் ஒதுக்கிவைத்த மக்களின் கால்களிலிருந்து கற்ற இந்தப் பாடம், கணுக்கால் வீங்கியும் வலிக்கவில்லை என்று அமைதி கொள்ளும் எவருக்கும் உரியதாகிறது.