மணலில் எழுதிய மாணவர்

தமிழகத்துச் சீர்திருத்தத் திருச்சபையின் வரலாற்றை எழுத முற்படுவோர் தரங்கம்பாடியில் தொடங்குவது மரபு. 1706ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்ரி புளூட்சோவும் அங்குக் கரையிறங்கினர். அதன்பின் பள்ளி, ஆலயம், அச்சகம், தமிழ்ப் புதிய ஏற்பாடு என்று நம் நூல்கள் வரிசையாகக் கூறிச் செல்கின்றன. ஆனால், கரையிறங்கிய நாளுக்கும் முதல் தமிழ்ப் பிரசங்கத்திற்கும் இடைப்பட்ட காலத்தை, "அவர் தமிழைக் கற்றுக்கொண்டார்" என்னும் ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். அந்த ஒரு வரிக்குள் அடங்கிக் கிடப்பது என்ன, அவர் எவ்வாறு கற்றார், யாரிடம் கற்றார், கற்பித்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பவற்றை இக்கட்டுரையில் சற்று நின்று ஆராய்வோம்.

நாவிழந்த ஆசிரியர்

தென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கின் ஆணையோடு வந்த இவ்விருவரும் செருமானியர்; ஹாலே நகரின் பக்தி இயக்கத்தில் உருவானவர்கள். சீகன்பால்கு அப்போது இருபத்துநான்கு வயதை ஒட்டிய இளைஞர். தரங்கம்பாடியில் 1620 முதல் தேனிய வணிகக் குழுமம் நிலைகொண்டிருந்தது. கோட்டை அதிகாரிகள் இவர்களை வரவேற்கவில்லை. தங்கள் வாணிகத்திற்கு இடையூறாக வந்தவர்களாகவே கருதினர்.

மொழி நிலையை எண்ணிப் பார்ப்போமாயின் அவர்களுடைய திகைப்பு நமக்கு விளங்கும். அவர்களது தாய்மொழி செருமன். கோட்டையின் மொழி தேனியம். துறைமுகத்து வாணிகத்திலும் ஐரோப்பியர் இல்லங்களின் ஏவலாளரிடையிலும் வழங்கியது ஒருவகைப் போர்த்துக்கேயம். ஊரின் மொழியோ தமிழ். போதிப்பதற்கென்று அனுப்பப்பட்டவர்கள், தமிழில் தண்ணீர் கேட்கவும் சொல்லறியாதவர்களாய் நின்றனர். வந்திறங்கியபோது அவர்கள் கையில் தமிழ் இலக்கண நூலும் இல்லை, அகராதியும் இல்லை.

எளிய வழி ஒன்று கண்முன்னே இருந்தது. போர்த்துக்கேயத்தை ஓரளவு கற்றுக்கொண்டு, மற்றவற்றைத் துபாசிகளிடம் விட்டுவிடலாம். கோட்டையில் இருந்தோர் பல்லாண்டுகளாக அவ்வாறே வாழ்ந்தனர். ஆயின் இவர்கள் பணியைப் பகுத்துக்கொண்டனர். புளூட்சோ போர்த்துக்கேயத்தை ஏற்றார். சீகன்பால்கு தமிழை ஏற்றார்.

திண்ணைப் பள்ளியில்

எழுபது வயதை எட்டிய தமிழ்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரை அணுகி, அவருடைய பள்ளியைத் தம் இல்லத்திலேயே நடத்துமாறு அவர்கள் வேண்டிக்கொண்டனர். அவரும் இசைந்து பிள்ளைகளோடு வந்தார். அக்காலத் திண்ணைப் பள்ளியின் முறை நம்மில் மூத்தோர் அறிந்ததே. மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை வரைந்து, வரையும்போதே உரக்க ஒலிக்க வேண்டும். கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும். அந்தச் சிறுவர்கள் நடுவே, பல்கலைக்கழகத்தில் பயின்ற இவ்விளைஞர் அமர்ந்து அகரத்திலிருந்து எழுதிப் பழகினார்.

இங்கு ஓர் இடர் நேர்ந்தது. அம்முதிய ஆசிரியருக்குத் தமிழையன்றி வேறு மொழி தெரியாது. எனவே எழுத்தும் உச்சரிப்பும் வந்தன, பொருள் வரவில்லை. வாய் ஒலித்ததை மனம் அறியவில்லை. இவ்விடரைத் தீர்க்க அழகப்பன் என்பவரை அமர்த்தினர். குழுமத்திற்கு மொழிபெயர்ப்பாளராய் இருந்த அவர் போர்த்துக்கேயம், தேனியம், டச்சு, செருமன் ஆகியவற்றை அறிந்தவர். முதியவர் எழுத்தைத் தந்தார். அழகப்பன் பொருளைத் தந்தார். சீகன்பால்கின் தமிழ் இவ்விருவரின் கூட்டுக் கொடையாகும்.

அடுத்த இடர் ஓலைச்சுவடி. அக்காலச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரக் குறில் நெடில் வேறுபாடும் காட்டப்படுவதில்லை. சொற்களுக்கிடையே இடைவெளியும் இல்லை. மொழியை முன்னமே அறிந்தவனே சுவடியைப் படிக்க இயலும். சுவடியைப் படித்து மொழியை அறிய முற்படுபவன் அடிதோறும் இடறுவான். ஆகவே, ஆசிரியர் ஒருவர் அருகிலிராமல் தமிழ் நூல் எதனையும் அவர் பயில இயலவில்லை. தனியறையில் நூல்களோடு அமர்ந்து கற்றுப் பழகிய செருமானிய மாணவருக்கு, பிறரைச் சார்ந்தே கற்க வேண்டிய நிலை புதிது.

ஒரு நாளின் ஒழுங்கு

அவர் தம் அன்றாட ஒழுங்கைக் கடிதமொன்றில் விவரித்துள்ளார். காலை வேண்டுதலுக்குப் பின் ஆறு முதல் ஏழு வரை லூத்தரின் ஞானோபதேசத்தைத் தமிழில் விளக்குவார். ஏழு முதல் எட்டு வரை தாம் கற்ற சொற்களையும் தொடர்களையும் திரும்ப ஓதுவார். எட்டு முதல் நண்பகல் வரை, இதுவரை படித்திராத தமிழ் நூல்களை ஆசிரியர் ஒருவரின் துணையோடு படிப்பார். உடனிருக்கும் எழுத்தர் புதிய சொல் ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்வார். உணவு வேளையிலும் ஒருவர் வாசிக்க இவர் கேட்பார். வெயிலின் கொடுமையால் ஒன்று முதல் இரண்டு வரை ஓய்வு. பின்னர் ஞானோபதேச வகுப்பு. மூன்று முதல் ஐந்து வரை மீண்டும் தமிழ் நூல்கள். மாலை வேண்டுதலும் உடன் ஊழியரோடு கலந்துரையாடலும் முடிந்தபின், விளக்கொளியில் கண் நலிவுறும் என்று அஞ்சி, தமிழர் ஒருவரைப் படிக்கச் செய்து கேட்பார். இரவு உணவின்போது பிள்ளைகள் வாசிப்பார்கள். அதன்பின் அவர்களோடு உரையாடுவார்.

இவ்வொழுங்கில் நம் கருத்தை ஈர்ப்பது இதன் கடுமை மட்டுமன்று. நாளின் பெரும் பகுதியில் அவர் கேட்பவராகவே இருக்கிறார். போதிக்கும் நேரத்தைவிடப் பயிலும் நேரமே மிகுதி. கற்ற சொற்களை உரைநடைக்கு ஒன்றும் செய்யுளுக்கு ஒன்றுமாக இரண்டு அகராதிகளாகத் தொகுத்தார். பேச்சின் சொல் வேறு, பாட்டின் சொல் வேறு என்பதை அவர் விரைவிலேயே உணர்ந்துகொண்டதற்கு இது சான்று.

வந்து ஓராண்டும் சில வாரங்களும் கடந்த 1707 ஆகஸ்டு 14ஆம் நாள் எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டபோது, தமிழிலும் போர்த்துக்கேயத்திலும் பிரசங்கம் நடைபெற்றது. 1708இல் கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகியவற்றை அவர் செருமனில் பெயர்த்தார். இவற்றுள் முதல் இரண்டும் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மனப்பாடமாக ஓதும் நூல்கள். அதே ஆண்டில் தாம் திரட்டிய தமிழ் நூல்கள் 119க்கு விளக்கப் பட்டியலும் எழுதினார். வருமுன் இந்நாட்டவரை நாகரிகமற்றோராக எண்ணியிருந்ததையும், அவர்களுடைய மொழியையும் நூல்களையும் அறிந்தபின் அவ்வெண்ணம் மாறியதையும் அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

கற்பித்தோர் கொடுத்த விலை

இவ்விடத்தில் நம் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் மௌனம் சாதிக்கின்றன. 1708 நவம்பர் முதல் 1709 மார்ச்சு வரை, தளபதி ஹாசியுசுடன் நேர்ந்த பிணக்கால், சீகன்பால்கு கோட்டையில் நான்கு மாதம் சிறைப்பட்டார் என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் அழகப்பன் பட்ட துன்பத்தை அறிந்தோர் சிலரே. ஐரோப்பியருக்குத் தம் சமயத்தின் மறைபொருள்களை வெளிப்படுத்தினார் என்னும் பழி அவர்மேல் விழுந்தது. அவர் தரங்கம்பாடியை விட்டு வெளியேற்றப்பட்டார். தஞ்சை நாட்டில் சிறையிலும் அடைபட்டார். அந்நியரின் ஊழியருக்கு மன்னரின் ஆணையும் ஹாலே நண்பர்களின் ஆதரவும் பின்னிருந்தன. துபாசிக்கு அத்தகைய பாதுகாப்பு ஏதுமில்லை.

இவ்வளவும் நேர்ந்தபின்னும் அவர் இவர்களோடு கொண்ட தொடர்பை அறுத்துக்கொள்ளவில்லை. 1712 முதல் 1714 வரை தமிழர் எழுதியனுப்பிய விடைக் கடிதங்கள் செருமனில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் வெளியாயின. அவற்றுள் பலவற்றை எழுதியவர் அழகப்பன் என ஆய்வாளர் கருதுகின்றனர். மலையப்பன் என்னும் இளைஞரோ, 1714இல் சீகன்பால்கு ஐரோப்பா சென்றபோது கடல் கடந்து உடன் சென்றார். 1716இல் ஹாலேயில் இலத்தீனில் அச்சான தமிழ் இலக்கணத்தின் முகப்பில் ஒரே ஒரு பெயர் காணப்படுகிறது. அந்நூலின் பின்னே மணலும் ஓலையும் ஏந்திய பல கைகள் இருந்தன. பள்ளியைப் பெயர்த்துக்கொண்டு வந்த அம்முதியவர் நம் நினைவில் 'ஓர் ஆசிரியர்' என்றே நிற்கிறார்.

குறையும் நிறையும்

சீகன்பால்கின் தமிழ் குறையற்றது என்று கூறுவது வரலாறாகாது. 1708 அக்டோபரில் தொடங்கி 1711 மார்ச்சில் அவர் முடித்த புதிய ஏற்பாடு 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சாயிற்று. அதன் நடையை வீரமாமுனிவர் கடுமையாகச் சாடினார். அச்சாடலில் சமயப் பூசலும் கலந்திருந்தது. எனினும் அது முழுவதும் பூசலே என்று தள்ளிவிட இயலாது. ஒரு மொழியை எட்டுப் பத்து ஆண்டுகளில் கற்றவரின் நடைக்கு உரிய தடுமாற்றம் அதில் உண்டு. தமக்கு முன்னே உழைத்த கத்தோலிக்க ஊழியரின் தமிழ் நூல்கள் கைக்குக் கிட்டியபோது அவற்றினின்றும் சொற்களை அவர் எடுத்துக்கொண்டார். சர்வேசுரன் என்னும் சொல் அவ்வழி வந்ததே. பின்வந்த பெப்ரிசியுஸ் அதைப் பராபரன் என மாற்றினார். அதன்பின் வந்த மொழிபெயர்ப்புகள் தேவன் என்றும் கடவுள் என்றும் வழங்கின. கடவுளுக்கு உரிய சொல்லையே ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் தேட வேண்டியிருந்தது என்றால், மொழித் தடை ஒருவர் வாழ்நாளில் கடந்து முடிக்கும் தடையன்று என்பது தெளிவு.

அவர் அறிய முயன்றதன் நோக்கத்திலும் இருமை உண்டு. மறுக்க வேண்டும் என்று கற்கத் தொடங்கியவர், கற்கக் கற்க மதிக்கவும் தலைப்பட்டார். இந்நாட்டுத் தெய்வங்களின் மரபைப் பற்றி 1713இல் அவர் எழுதி அனுப்பிய நூலை ஹாலேயினர் அச்சிடவில்லை. அது 1867இல்தான் சென்னையில் வெளிவந்தது. கடல் கடந்து சென்று ஒரு மக்களின் மொழியைக் கற்றவர் தம்மவருக்கே ஓரளவு அந்நியராகிவிடுகிறார் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. 1719 பிப்ரவரி 23ஆம் நாள், நாற்பது வயதை எட்டாமலே அவர் இறந்தபோது பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு ரூத்தின் நூல் வரையே வந்திருந்தது.

நம் முன் நிற்கும் வினா

2006இல் தரங்கம்பாடி வருகையின் முந்நூறாம் ஆண்டை நாம் சிறப்பாகக் கொண்டாடினோம். அக்கொண்டாட்டங்களில் அச்சகத்தையும் ஆலயத்தையும் பற்றி மிகுதியாகப் பேசினோம். மணலைப் பற்றிக் குறைவாகவே பேசினோம். ஆயினும் இன்றைய அருட்பணியாளருக்கு நெருக்கமான பாடம் மணலிலேதான் உள்ளது.

நாம் அந்நியர் அல்லோம்; இம்மொழியிலே பிறந்தோம். ஆனால் இறையியற் கல்லூரியில் சில ஆண்டுகள் பயின்று திரும்பும்போது, பிறமொழி நூல்களில் கற்ற கருத்துகளையும் கலைச்சொற்களையும் சுமந்தவர்களாய்ச் சிற்றூர்ச் சபைக்குள் நுழைகிறோம். அங்கே வயலிலும் கடலிலும் உழைப்போர் பேசும் தமிழ் நம் பிரசங்கத்தில் ஒலிக்கிறதா? சீகன்பால்கு கடக்க முயன்ற சுவரை, நாம் பிரசங்க பீடத்திலிருந்து மறுபடியும் எழுப்புகிறோமோ என்று நம்மையே கேட்டுக்கொள்வது நலம்.

புதிய சபைக்குச் செல்லும் இளம் ஊழியர், முதலாண்டில் தாம் பேசும் நேரத்தையும் கேட்கும் நேரத்தையும் ஒரு தாளில் குறித்துப் பார்க்கலாம். அத்துடன், தமக்கு அவ்வூரின் பேச்சைக் கற்பித்தவர்களின் பெயர்களையும் மறவாமல் எழுதி வைக்க வேண்டுகிறோம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு முதியவருக்கு நாம் செய்யத் தவறியதை, இனி வருவோருக்கேனும் செய்வோமாக.