ஃபில்டருக்குள்ளே ஒரு 'டப்'

பொம்மலாட்டத்துல பொம்மை ஆடுறது தெரியணும், ஆட்டுற நூல் தெரியக்கூடாது. அனலாக் சிந்தசைசர் செய்தவர்களின் தலைவலியும் இதே தான். ஒலியை ஆட்டிவைக்க வேண்டிய கண்ட்ரோல் வோல்டேஜ், சில சமயம் தானே ஸ்பீக்கர் வழியா 'டப்'புன்னு வந்து நிக்கும். கண்ட்ரோல் வோல்டேஜ் ஃபீட்த்ரூன்னு இதுக்குப் பேரு. நாம 'கசிவு'ன்னு வச்சுக்குவோம்.

இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கறீங்களா? இருக்கு. 1969-ல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் ட்யூடர், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மோக் சிந்தசைசரை நிறுவினார். 1972 வரை அந்த ஸ்டுடியோவில் ஜின்ராஜ் ஜோஷிபுரா, அதுல் தேசாய், ஐ.எஸ். மாத்தூர், எஸ்.சி. சர்மா போன்றவர்கள் ஒலிநாடாக்களில் பதிவு செய்தார்கள். கீதா சாராபாயும் அதில் ஒருவர். விக்ரம் சாராபாயின் சகோதரி. 1946-ல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய இசை சொல்லிக்கொடுத்து, பதிலுக்கு மேற்கத்திய இசை கற்றவர்.

சரி, மேட்டருக்கு வருவோம். ராபர்ட் மோக்கின் புகழ்பெற்ற 'ஏணி' ஃபில்டருக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்ததும் அதே 1969-ல் தான். பக்கத்துல பக்கத்துல இரண்டு வரிசை ட்ரான்சிஸ்டர்கள், நடுவில் ஏணிப்படி மாதிரி கெப்பாசிட்டர்கள். கண்ட்ரோல் வோல்டேஜ் ஏறினால் கீழேயிருந்து வரும் கரண்ட் ஏறும், ஃபில்டர் திறக்கும். ஒலி, இரண்டு வரிசைக்கும் உள்ள வித்தியாசமாகப் பயணம் செய்யும்.

சிதம்பரத்தில் என்னோட இன்ஜினியரிங் படிச்ச மக்களுக்கு டிஃபரன்ஷியல் ஆம்ப்ளிஃபையர் ஞாபகம் இருக்கும். இரண்டு பக்கமும் சமமா வந்தது கழிஞ்சுபோகும், வித்தியாசம் மட்டும் வெளியே வரும். ஏணியிலும் அதே கணக்கு தான். கண்ட்ரோல் கரண்ட் இரண்டு வரிசையிலும் பாதிப் பாதியா பிரிஞ்சா, வெளியே அது கேட்கவே கேட்காது.

ஆனா இரண்டு ட்ரான்சிஸ்டர் அச்சு அசலா ஒண்ணா இருக்காதே! ஒரு டிகிரி சூடு ஏறினால் அதன் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். ஒண்ணு மட்டும் கொஞ்சம் சூடானாலே சமன் போச்சு. மிச்சம் நிக்கிற அந்த வித்தியாசம் தான் 'டப்'. கெப்பாசிட்டர் போட்டுத் தடுக்கலாம் தான், ஆனா அது மெதுவான மாற்றத்தை மட்டும் நிறுத்தும். சாவியை அழுத்தினதும் வேகமா எகிறுற வோல்டேஜ் தாண்டி வந்துடும். சோதிக்கணும்னா உள்ளே வரும் ஒலியை நிறுத்திட்டு கண்ட்ரோலை மட்டும் ஆட்டுங்க. என்ன கேட்குதோ அது தான் கசிவு.

எங்க கடலூர் முதுநகர் மார்க்கெட்டில் தராசு ஒரு பக்கம் சாஞ்சா, லேசான தட்டுல சின்னதா ஒரு கல்லைக் கட்டிச் சமன் பண்ணுவாங்க. ஃபில்டரில் அந்தக் கல்லுக்குப் பேரு ட்ரிம்மர். முதலில் ஜோடி பார்த்து ட்ரான்சிஸ்டர் பொறுக்கணும், அப்புறம் ட்ரிம்மரைத் திருப்பணும். பிறகு ஒரே சில்லில் பல ட்ரான்சிஸ்டர் வந்ததும் எல்லாம் ஒண்ணாவே சூடாகின, கசிவு குறைஞ்சது. முழுசா ஒழியலை.

அகமதாபாத் ஒலிநாடாக்கள் பல பத்தாண்டுகள் யாரும் சீண்டாமல் கிடந்தன. பால் பர்கஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் அவற்றைத் தேடி எடுத்து, 2023-ல் ஒரு தொகுப்பாக வெளிவரச் செய்தார். இந்த மாதிரிப் பழைய பதிவுகளைக் கணினியில் ஏற்றும்போது 'டப்'பெல்லாம் குப்பைன்னு துடைச்சுப் போடுறது ரொம்ப சுலபம். அவசரப்படக் கூடாதுன்னு தோணுது. எல்லா 'டப்'பும் நாடாவின் பழுது கிடையாது. சிலது, சாவி அழுத்தப்பட்ட அந்த நொடியில் மிஷின் விட்ட மூச்சாக இருக்கலாம். அதைத் துடைச்சா, அந்தக் கை எப்போ எவ்ளோ வேகமா இறங்கிச்சுங்கிற சாட்சியும் சேர்ந்து போயிடும்.

கலைஞர்களின் பேராவது தொகுப்பின் அட்டையில் இருக்கு. மிஷினோட கைரேகைக்கு அட்டை கிடையாது, அந்த 'டப்' மட்டும் தான் :-)